தெருவின் அமைதிக்கு யார் செலவழிப்பது?

ஓசூர் சாலை வரலாறு – 12

குடியிருப்புப் பகுதிகளில் அடிதடியும் கலவரமும் மூளாமல் தடுக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கு நகராட்சியே பணம் ஒதுக்குவது உலகின் சில நகரங்களில் வழக்கமாகிவிட்டது. இந்தியாவில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. இங்கே அமைதிக் குழுக்கள் உண்டு. அவற்றின் உழைப்பால் காப்பாற்றப்பட்ட ஊர்களும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் ஒரு காவல்துறை அதிகாரியின் முனைப்பிலோ நன்கொடையாளரின் தயவிலோ நடந்தவை. முனைப்புள்ளவர் மாறுதலாகிப் போனால் குழுவும் மெல்லக் கலைந்தது. பெங்களூருவின் தென்கோடியில், ஓசூர் சாலையில் உள்ள பொம்மசந்திரா போன்ற தொழில்நகரங்களுக்கு இந்த வரலாறு நேரடியாகப் பொருந்துகிறது.

பொம்மசந்திரா ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்தது. பெங்களூரு மாநகராட்சி விரிந்துகொண்டே போன ஆண்டுகளிலும் அதன் எல்லைக்கு வெளியே நின்று, தனிப் புரசபையை, அதாவது சிறு நகராட்சியை, பெற்றது. கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம் அமைத்த தொழிற்பகுதி, பயோகான் வளாகம், நாராயணா மருத்துவ நகரம், 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மெட்ரோ மஞ்சள் தடத்தின் கடைசி நிலையம் என்று ஊரின் முகம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளூர்க் கன்னட, தெலுங்குக் குடும்பங்களோடு கிருஷ்ணகிரி, தருமபுரித் தமிழர்களும் ஒடிசா, பீகார், அசாம் தொழிலாளர்களும் இங்கே சேர்ந்து வாழ்கிறார்கள். பலருக்குக் குடியிருப்பு லைன் வீடுதான்: வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் ஒரே குழாய், சில கழிப்பறைகள். அடுத்த அறைக்காரரின் மொழி தெரியாது. அவர் எத்தனை மாதம் இருப்பார் என்பதும் தெரியாது. சின்னத் தகராறு ஒன்றைப் பேசித் தீர்க்கவும், பரவும் வதந்தி ஒன்றை மெய்யா பொய்யா என்று விசாரிக்கவும் பொதுவான ஆள் இல்லாத சூழல் இப்படித்தான் உருவாகிறது.

சட்டம் பிரித்துக் கொடுத்த வேலை

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை பொது ஒழுங்கையும் காவல்துறையையும் மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி தந்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவையாக அது சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகள் உள்ளன. குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு, பூங்கா, விளையாட்டுத் திடல், குடிசைப் பகுதி மேம்பாடு, நலிந்த பிரிவினரின் நலன், நகர்ப்புற வறுமை ஒழிப்பு எல்லாம் அதில் உண்டு. வன்முறைத் தடுப்பு என்று தனியாக ஒன்று இல்லை.

ஆகவே ஒரு புரசபை தன் தெருவில் விளக்குப் போடலாம், திடல் அமைக்கலாம், பெண்கள் குழுக்களுக்கு உதவலாம். தெருவில் தகராறு முற்றினால் தலையிட வேண்டியது மாநில அரசின் கீழ் உள்ள காவல் நிலையம். தகராறு முற்றுவதற்கு முந்தைய காலம் இருவருக்கும் நடுவே விழுந்துவிட்டது. குழாயடிச் சண்டை, வாடகை வாக்குவாதம், பெண்களைச் சீண்டும் இளைஞர் கூட்டம், ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற பிணக்கு ஆகியவை குற்றமாகப் பதிவாகும் வரை காவல் நிலையத்தின் ஏட்டில் ஏறுவதில்லை. நகராட்சியின் பணிப் பட்டியலிலும் அவற்றுக்கு இடமில்லை.

அதே திருத்தத்தின் 243S பிரிவு, மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகராட்சிகளில் வார்டுக் குழுக்களைக் கட்டாயமாக்கியது. சிறிய ஊர்களை அந்தக் கட்டாயம் தொடவில்லை. பெங்களூரு மாநகராட்சிக்குள் பல ஆண்டு வழக்குகளுக்கும் குடிமக்கள் இயக்கங்களுக்கும் பிறகு வார்டுக் குழுக்கள் கூடத் தொடங்கின. ஆனால் அவற்றின் பேச்சும் அவற்றின் வழியே செலவான பணமும் நடைபாதை, சாலைக் குழி, குப்பை, ஆழ்குழாய்க் கிணறு ஆகியவற்றையே சுற்றிவந்தன.

ஓசூர் சாலை கண்டவை

1991 ஜூன் 25 அன்று காவிரி நடுவர் மன்றம் இடைக்கால ஆணை வழங்கியது. அது டிசம்பர் 11 அன்று மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூருவிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள் மீது தாக்குதல் தொடங்கியது. வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின. பல்லாயிரம் தமிழர்கள் மாநில எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களில் கணிசமானோருக்கு வழி ஓசூர் சாலை.

2012 ஆகஸ்டில் காரணம் வேறு. அசாமில் நடந்த மோதலை அடுத்து, பெங்களூருவில் உள்ள வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்று குறுஞ்செய்திகள் பரவின. ஆகஸ்ட் 15 முதல் சில நாட்கள் ஆயிரக்கணக்கானோர் குவஹாத்தி செல்லும் ரயில்களில் ஏறினார்கள். மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு மத்திய அரசு நாடு முழுவதும் தற்காலிகத் தடை விதித்தது. அமைச்சர்களும் பல சமயத்து அமைப்பினரும் ரயில் நிலையத்துக்கே போய்த் தைரியம் சொன்னார்கள். ஆனால் மூட்டை கட்டும் முடிவு தொழிலாளர் அறைகளில் முன்பே எடுக்கப்பட்டிருந்தது. அந்த அறைவாசலில் நின்று 'இது வதந்தி' என்று அவர்கள் மொழியில் சொல்லும் நம்பிக்கையான உள்ளூர் ஆள் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை.

2016 ஏப்ரலில் பொம்மசந்திராவின் வாசலுக்கே வன்முறை வந்தது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று பிப்ரவரி 10 அன்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டிருந்தது. வேலையை விட்டதும் அந்தப் பணத்தை எடுத்துத் திருமணத்துக்கோ கடனுக்கோ பயன்படுத்தும் ஆயத்த ஆடைத் தொழிலாளர்களுக்கு அது பேரிடியாக இருந்தது. ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளித் தொழிற்சாலைகளிலிருந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறி ஓசூர் சாலையை மறித்தார்கள். எந்தத் தொழிற்சங்கமும் விடுத்த அழைப்பின் பேரில் அது நடக்கவில்லை. மறுநாள் போராட்டம் மற்றத் தொழிற்பகுதிகளுக்கும் பரவியது. தடியடி, கல்வீச்சு, கண்ணீர்ப்புகை எல்லாம் நடந்தன. பொம்மசந்திராவை ஒட்டிய ஹெப்பகோடி காவல் நிலையத்தில் நின்ற வண்டிகளுக்குத் தீ வைக்கப்பட்டது. அன்றே மத்திய அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது. கோரிக்கை நியாயமானது என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அது சமம். ஆனால் இரண்டு நாட்களும் தெருவில் நின்ற கூட்டத்தோடு பேச அதிகாரிகளுக்கு ஒரு முகம் அகப்படவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து கல்லெறிந்தவர்களை விலக்கி நிறுத்தும் அமைப்பும் இல்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று, காவிரியில் நீர் திறக்கும் உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து, பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் தேடித்தேடி எரிக்கப்பட்டன. ஒரே பணிமனையில் தனியார் நிறுவனம் ஒன்றின் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் சாம்பலாயின. நகரின் 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச்சூட்டில் உயிரிழப்பு நேர்ந்தது. ஓசூர் சாலையில் எல்லை ஊர்களான அத்திப்பள்ளியோடு கர்நாடக வண்டிகளும் ஜூஜூவாடியோடு தமிழ்நாட்டு வண்டிகளும் நின்றுவிட்டன. பயணிகள் குழந்தைகளை இடுப்பிலும் பெட்டிகளைத் தலையிலும் சுமந்து அந்த இடைவெளியை நடந்தே கடந்தார்கள்.

பிவண்டியின் எழுபது குழுக்கள்

வன்முறையை முன்கூட்டியே தடுக்கும் குழுக்களுக்கு இந்தியாவில் முதன்மையான எடுத்துக்காட்டு மகாராஷ்டிரத்தின் விசைத்தறி நகரமான பிவண்டி. அங்கே 1970 மே மாதத்தில் சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தில் தொடங்கிய கலவரத்தை நீதிபதி டி.பி. மதன் ஆணையம் விசாரித்தது. 1984 மே மாதத்தில் மீண்டும் பெருங்கலவரம் மூண்டு, தானே, மும்பை வரை பரவி நூற்றுக்கணக்கானோரைப் பலி கொண்டது.

1988இல் காவல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுபது மொகல்லா கமிட்டிகளை அமைத்தார். ஒவ்வொன்றிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் சம எண்ணிக்கையில் இடம்பெற்றார்கள். அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பான காவலர் குழுவோடு தொடர்ந்து உட்கார்ந்து பேசினார். மதம் பற்றிய உரைகள் அந்தக் கூட்டங்களின் மையமாக இருக்கவில்லை. தண்ணீர், வடிகால், அண்டைவீட்டுச் சண்டை, பெண்களைச் சீண்டுவது போன்ற அன்றாடப் புகார்கள்தான் பேசப்பட்டன. இப்படிச் சின்ன விஷயங்களில் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், பெரிய வதந்தி வந்தபோது முதலில் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் மும்பையில் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பின்னர் பதிவுசெய்தது. பக்கத்திலேயே இருந்த பிவண்டி, கலவரத்துக்குப் பேர்போன அந்த ஊர், அப்போது அமைதியாக இருந்தது. அரசியல் அறிஞர் அசுதோஷ் வர்ஷ்ணே 2002இல் வெளியிட்ட ஆய்வு நூல் கோழிக்கோடு–அலிகார் போன்ற நகர இணைகளை ஒப்பிட்டு இதே திசையில் ஒரு முடிவைச் சொன்னது: பெரிய நகரங்களில் அண்டைவீட்டுப் பழக்கம் மட்டும் கலவரத்தைத் தாங்காது, இரு சமூகத்தாரும் உறுப்பினராக உள்ள சங்கங்கள், குழுக்கள், தொழில் அமைப்புகள் இருக்கும் நகரங்களே தாங்குகின்றன.

பிவண்டியின் ஏற்பாடு தன்னார்வத்தால் ஆனது. சட்டத்தின் அடிப்படையோ நிலையான நகராட்சி நிதியோ அதற்குக் கிடைக்கவில்லை. அதை உருவாக்கியவர் மாறுதலாகிப் போனபின் வந்தவர்களின் அக்கறையைப் பொறுத்தே அது நடந்தது. 2006 ஜூலை 5 அன்று, முஸ்லிம்களின் அடக்கத்தலத்தை ஒட்டிய இடத்தில் காவல் நிலையம் கட்டுவதை எதிர்த்த கூட்டத்தின் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். தொடர்ந்து இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டார்கள். 1992இன் பெருந்தீயைத் தாண்டிய ஊர், ஒரு கட்டட இடம் பற்றிய தகராறைத் தாண்ட முடியாமல் போனது.

மும்பையும் தமிழ்நாடும்

மும்பையில் கலவரத்துக்குப் பிறகு, காவல் ஆணையர் சதீஷ் சாஹ்னே காலத்தில், ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஜூலியோ ரிபேரோ, சமூகச் செயற்பாட்டாளர் சுஷோபா பார்வே முதலியோர் மொகல்லா கமிட்டிகளைத் தொடங்கினார்கள். பின்னர் அது அறக்கட்டளையாகப் பதிவானது. காவலர்களும் பகுதி இளைஞர்களும் கலந்து ஆடும் அமைதிக்கான கிரிக்கெட் போட்டிகள் அதன் அடையாளமாயின. அறக்கட்டளை வடிவம் இயக்கத்துக்கு ஆயுளைக் கூட்டியது. ஆனால் அதன் செலவு நன்கொடையைச் சார்ந்தது. அது போன பகுதிகளும் கைவசம் இருந்த தொண்டர்களின் எண்ணிக்கைக்கு உட்பட்டவை.

தமிழ்நாட்டில் 1993இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் 'காவல்துறை நண்பர்கள்' இயக்கத்தைத் தொடங்கினார். பிறகு அது மாநிலம் முழுவதும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோது, தன்னார்வலர்களின் பங்கு பற்றியும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. குற்றச்சாட்டு யாரைச் சாரும் என்பதில் சர்ச்சை இருந்தது. இருந்தாலும் ஒரு பாடம் தெளிவானது: ஊர்க் குழு காவல் நிலையத்தின் நிழலில் மட்டும் வளர்ந்தால், நிலையத்தின் மீது மக்களுக்கு வரும் அவநம்பிக்கை முழுவதும் குழுவின் மேலும் விழும். குழுவுக்குத் தனி அடித்தளம் வேண்டும்.

கேரளம் காட்டிய வழி

அந்த அடித்தளத்தை உள்ளாட்சியில் தேடிய மாநிலம் கேரளம். 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதை உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. அந்தப் பணத்தில் குறைந்தது 10 சதவீதம் பெண்களுக்கான திட்டங்களுக்குச் செலவாக வேண்டும் என்ற விதியும் வந்தது. 1997இல் மாநில மகளிர் ஆணையத்தின் முயற்சியில் விழிப்புக் குழுக்கள், அதாவது ஜாக்ரதா சமிதிகள், உருவாயின. பெண்கள், குழந்தைகள் மீதான வன்முறையை ஊர் மட்டத்திலேயே கண்டு தலையிடுவது அவற்றின் வேலை. உள்ளாட்சித் தலைவர் தலைமை வகிக்க, காவல் நிலைய அலுவலர், வழக்கறிஞர், பெண் பிரதிநிதிகள் உறுப்பினரானார்கள். வார்டு அளவிலும் குழுக்கள் அமைந்தன. 1998இல் பிறந்த பெண்கள் இயக்கமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் இவற்றுக்குக் கண்ணும் காதுமாயின. 2008இல் காவல்துறையின் ஜனமைத்ரி திட்டமும் சேர்ந்துகொண்டது.

எல்லா ஊரிலும் இந்தக் குழுக்கள் ஒரே வேகத்தில் இயங்கவில்லை. பல இடங்களில் ஏட்டளவில் நின்றன என்று கேரளத்திலேயே விமர்சனம் உண்டு. ஆனால் தூங்கிக் கிடந்த குழுவைப் புதிதாக வந்த மன்றம் எழுப்ப முடிந்தது. ஏனென்றால் அமைப்பு விதியில் இருந்தது. செலவழிக்க நிதி ஒதுக்கீடு இருந்தது. பொறுப்பு தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின் பெயரில் இருந்தது. பிவண்டிக்குக் கிடைக்காத மூன்றும் இவைதான்.

சிகாகோ, ஓக்லாந்து

அமெரிக்க நகரங்களில் பிரச்சினை துப்பாக்கி. தொற்றுநோய் மருத்துவரான கேரி ஸ்லட்கின் 2000ஆம் ஆண்டு சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அந்தத் தெருக்களிலேயே வளர்ந்து, முன்பு கும்பல்களில் இருந்து திருந்தியவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, பழிவாங்கும் கொலை நடக்கும் முன் இடைபுகுந்து பேசவைப்பது அதன் முறை. பலன் தெரிந்தது, நிதி நிலைக்கவில்லை. 2007இல் மாநில நிதி நின்றபோது பல பகுதிகளில் பணி முடங்கியது. 2012இல் சிகாகோ மாநகராட்சி 10 லட்சம் டாலர் கொடுத்தது. ஓராண்டுக்குப் பின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து வேறு வழியில் போனது. 2004 நவம்பரில் வாக்காளர்களே மனை வரி ஒன்றுக்கும் வாகன நிறுத்தக் கட்டண உயர்வுக்கும் ஒப்புதல் அளித்தார்கள். 2014இல் அது பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. தீயணைப்புக்கும் மதிப்பீட்டுக்கும் உரியது போக, மீதியில் 40 சதவீதம் சமூகக் குழுக்களின் தடுப்புப் பணிக்கு என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. 2017இல் அந்தப் பணத்தைக் கவனிக்க நகராட்சி தனித் துறையை அமைத்தது. 2024இல் வாக்காளர்கள் வரியை மீண்டும் நீட்டித்தார்கள். அமெரிக்க ஒன்றிய அரசின் பணம் இவ்வளவு உறுதியாக இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இத்தகைய பணிக்கு ஐந்து ஆண்டுகளில் 25 கோடி டாலர் ஒதுக்கியது; 2025 ஏப்ரலில் நீதித்துறை அமைச்சகம் நடப்பில் இருந்த பல மானியங்களைப் பாதியில் ரத்து செய்தது. தன் நகரத்தின் வரியிலிருந்து சட்டப்படி ஒதுக்கப்படும் பணமே நெடுநாள் வேலைக்கு ஏற்றது என்பதை இரண்டு நகரங்களின் அனுபவமும் காட்டுகிறது.

பெங்களூருவில் பணம் போகும் இடம்

பெங்களூருவில் பாதுகாப்புக்குப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. பெண்கள் பாதுகாப்புக்கென 2013இல் உருவான நிர்பயா நிதியிலிருந்து எட்டுப் பெருநகரங்களுக்குப் பாதுகாப்பான நகரத் திட்டம் 2018இல் அனுமதிக்கப்பட்டது. பெங்களூருவின் பங்கு சுமார் ரூ.667 கோடி, மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொண்டன. அதன் பெரும்பகுதி ஆயிரக்கணக்கான கேமராக்களுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் போனது. கேமரா குற்றவாளியைக் கண்டுபிடிக்க உதவும். இரண்டு லைன் வீட்டுக்காரர்களை உட்காரவைத்துப் பேச அதனால் ஆகாது.

வன்முறைக்குப் பிறகும் பணம் பேசப்படுகிறது. 2020 ஆகஸ்ட் 11 இரவு டி.ஜே. ஹள்ளி, கே.ஜி. ஹள்ளி பகுதிகளில் கலவரம் நடந்தது. துப்பாக்கிச்சூட்டில் மூவர் இறந்தார்கள். சேதத்தைக் கணக்கிட்டு வசூலிக்க உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எச்.எஸ். கெம்பண்ணாவை இழப்பீட்டு ஆணையராக நியமித்தது. அதே இரவில் டி.ஜே. ஹள்ளியில் முஸ்லிம் இளைஞர்கள் கைகோத்து ஒரு அனுமன் கோயிலைச் சுற்றி நின்று காத்தார்கள். அந்த இளைஞர்கள் வெறுங்கையோடு செய்ததை ஆண்டு முழுவதும் செய்யத்தக்க பணியாக ஆக்குவதற்கு எந்தத் திட்டமும் பின்தொடரவில்லை.

பொம்மசந்திரா போன்ற புரசபைகளின் வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு வாசல் அடியோடு மூடியும் இல்லை. கர்நாடகத்தின் உள்ளாட்சிகள் தம் நிதியில் 24.10 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், 7.25 சதவீதத்தைப் பிற ஏழைகளுக்கும், 5 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள விதி. குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சதவீதம் கட்டி ஒதுக்குவது புரசபைக்குப் பழகிய முறை என்பதற்கு இதுவே சான்று. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் சுயஉதவிக் குழுவுக்கு ரூ.10,000, பகுதிக் கூட்டமைப்புக்கு ரூ.50,000 என்று சுழல்நிதி தரப்பட்டது. அந்தக் குழுக்கள் ஏற்கெனவே தெருவில் இருக்கின்றன. பெண்கள் மீதான வன்முறையில் உதவ, தொண்டு நிறுவனங்கள் வழியாக 'சாந்த்வனா' மையங்களை நடத்த மாநில அரசு 2000–01 முதல் மானியம் தந்து வந்திருக்கிறது. அரசுப் பணத்தில் சமூக அமைப்புகள் தடுப்புப் பணி செய்வது கர்நாடகத்துக்குப் புதிதல்ல.

நலிந்த பிரிவினரின் நலன், குடிசைப் பகுதி மேம்பாடு, விளையாட்டுத் திடல் ஆகிய மூன்றும் பன்னிரண்டாவது அட்டவணையில் இருப்பதால், அவற்றின் கீழேயே புரசபை செயல்பட முடியும். தேவையானது பெரிய தொகை அல்ல. தமிழும் கன்னடமும் இந்தியும் ஒடியாவும் பேசும் சில பகுதிப் பணியாளர்களுக்கு மாதச் சம்பளம், கூடிப் பேச ஓர் அறை, இளைஞர்களுக்கு மாலையில் திறந்திருக்கும் திடல், ஆண்டுக்கொரு முறை வெளியார் செய்யும் மதிப்பீடு ஆகியவையே அடிப்படை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் பொறுப்பேற்க, காவல் நிலையம் பங்காளியாக மட்டும் அமர, ஒதுக்கீடு விதியில் எழுதப்பட வேண்டும். 1988இல் பிவண்டி கண்டுபிடித்த முறைக்கு 1996இல் கேரளம் கண்டுபிடித்த நிதிவழியைச் சேர்த்தால் கிடைப்பது இந்த ஏற்பாடு. ஓசூர் சாலையின் தொழில்நகரங்கள் எதிலும் அது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

(தொடரும்)